ஸதர்க் நகரின் ஜார்ஜ் விடுதி

ஆங்கிலத்தில் 'இன்' என்று ஒரு சிறு சொல் உண்டு. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு அச்சொல் தரும் தொல்லை அதன் உருவத்துக்குச் சற்றும் பொருத்தமற்றது. 'சத்திரம்' என்று பெயர்த்தால், பொருள் பெறாது வழிப்போக்கருக்கு இடமும் சோறும் அளிக்கும் நமது அறச்சாலை கண்முன் வந்து நிற்கிறது. ஆங்கிலேயரின் 'இன்' அறச்சாலை அன்று. கூலி வாங்கிக்கொண்டு இடம் தரும் வாணிகச்சாலை. 'மதுக்கடை' எனலாமோ என்றால், மது அங்கே உண்டாயினும் அதுவே அதன் முதன்மையான காரியம் அன்று. 'ஹோட்டல்' என்பதோ பிற்காலத்துச் சொல். குதிரை லாயத்தின் வைக்கோல் மணம் அதில் இல்லை. கல்லூரியில் சாஸரின் காண்டர்பரிக் கதைகளைப் பயின்ற நாளில் எங்கள் ஆசிரியர் 'சத்திரம்' என்றே சொல்லிவந்தார். அந்நாளில் நானும் அதை ஐயுறவில்லை. பின்னாளில் சொல்லுக்குச் சொல் நிறுத்துப் பார்க்கும் வேலைக்கு வந்தபிறகே, சொல்லை அறியவேண்டுமானால் அச்சொல் குறிக்கும் கட்டடத்தை முதலில் அறியவேண்டும் என்பது விளங்கிற்று. ஆகவே இப்பேச்சில் 'விடுதி' என்ற பொதுச்சொல்லையே கையாண்டு, அத்தகைய கட்டடங்களுள் ஒன்றின் வரலாற்றையும் அமைப்பையும் நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அக்கட்டடம், லண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள ஸதர்க் பகுதியில் நிற்கும் ஜார்ஜ் விடுதி. பரோ ஹை ஸ்ட்ரீட் என்னும் பெருவீதியிலிருந்து கிழக்கே பிரியும் ஒரு சந்துக்குள் அது ஒதுங்கி நிற்கிறது. முற்றத்தை நோக்கி மரத் தாழ்வாரங்கள் அமைந்த பழைய கோச்சு வண்டி விடுதிகளுள் லண்டனில் இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றே. அதுவும் முழுமையாக எஞ்சவில்லை. முற்றத்தின் மூன்று பக்கங்களில் இரண்டை இழந்து, தென்பக்கம் மட்டுமே பிழைத்திருக்கிறது.

இவ்விடுதி இவ்விடத்தில் தோன்றியதற்குக் காரணம் யாது? அதை அறிய ஆற்றையும் பாலத்தையும் நோக்கவேண்டும். 1209ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பழைய லண்டன் பாலமே, 1750இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கப்படும் வரையில், நகரின் நடுப்பகுதியில் தேம்ஸைக் கடக்க இருந்த ஒரே பாலம். அதன்மேல் இருமருங்கும் வீடுகளும் கடைகளும் நெருங்கி நின்றன. நடுவே எஞ்சிய வழி மிகக் குறுகியது. இரவில் வாயிற்கதவுகள் அடைக்கப்பட்டன. தெற்கே கெண்ட், ஸஸக்ஸ், ஸரே ஆகிய மாவட்டங்களிலிருந்து பொழுது சாய்ந்தபின் வந்து சேர்ந்தவர் பாலத்தின் இப்புறமே தங்கியாகவேண்டும். விடியலில் புறப்பட்டுத் தெற்கே செல்லவேண்டியவரும் முந்திய இரவே ஆற்றைக் கடந்து வந்து தங்குவதே உசிதம். பாரவண்டி ஓட்டுவோர் பலர் அக்குறுகிய பாலத்தின்மீது வண்டியைச் செலுத்துவதைக் காட்டிலும் ஸதர்க்கிலேயே சரக்கை இறக்கிவிடுவதை விரும்பினர். இவ்வாறாக, பாலத்தின் தென்முனையிலிருந்து நீளும் அந்த ஒரே வீதியில் விடுதிகள் ஒன்றையடுத்து ஒன்றாக எழுந்தன. 1598இல் லண்டன் நகரைப் பற்றி விரிவான நூல் எழுதிய ஜான் ஸ்டோ, அவ்வீதியின் விடுதிகளை வரிசையாகப் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார். ஜார்ஜும் அவ்வரிசையில் இடம்பெறுகிறது.

ஜார்ஜின் இருமருங்கிலும் இருந்த அண்டை விடுதிகள் அதனினும் புகழ் பெற்றவை. தெற்கே இருந்தது டபார்ட். 1170இல் காண்டர்பரித் தேவாலயத்துக்குள்ளேயே கொலையுண்ட தாமஸ் பெக்கெட் என்னும் பேராயரின் சமாதிக்கு யாத்திரை செல்வோர் அங்கே கூடிப் புறப்படுவதாகவே சாஸர் தம் கதைத்தொகுதியைத் தொடங்குகிறார். அதில் வரும் விடுதிக்காரர் ஹாரி பெய்லி வெறும் கற்பனைப் பாத்திரம் அல்லர். அப்பெயருடைய விடுதிக்காரர் ஒருவர் ஸதர்க்கில் வாழ்ந்ததும், 1376இலும் 1378இலும் பார்லிமெண்டில் அவ்வூரின் பிரதிநிதியாக அமர்ந்ததும் ஆவணங்களால் அறியக்கிடக்கின்றன. வடக்கே இருந்தது வெண்மான் விடுதி. 1450இல் அரசை எதிர்த்துக் கெண்ட் மாவட்டத்திலிருந்து படை திரட்டி வந்த ஜாக் கேட் அதையே தன் பாசறையாகக் கொண்டான்.

விடுதிகளின் பெயர்களைப் பற்றி ஈண்டு ஒரு வார்த்தை. வெண்மான் என்பது இரண்டாம் ரிச்சர்டு மன்னனின் சின்னம். டபார்ட் என்பது கட்டியக்காரர் அணியும் கையற்ற மேலங்கி. ஜார்ஜ் என்பது பாம்பரக்கனைக் கொன்றதாகச் சொல்லப்படும் புனித ஜார்ஜ். அவர் இங்கிலாந்து நாட்டின் காவல் புனிதர். எழுத்தறிந்தார் சிலரே இருந்த காலத்தில், வாயிலில் தொங்கிய சித்திரப் பலகையே விடுதியின் முகவரி. உள்ளே அறைகளுக்கும் எண் இடுவதை விட்டு, மலர், விலங்கு, விண்மீன் எனப் பெயரிட்டு அழைத்தது இதே காரணம் பற்றியதே.

இனி, அமைப்பைக் காண்போம். இங்கிலாந்தின் பழைய விடுதிகளை இரு வகையாகப் பகுக்கலாம். வீதியை நோக்கி ஒரே தொகுதியாக நிமிர்ந்து நிற்பவை ஒரு வகை. ஸாமர்ஸெட் மாவட்டத்தில் நார்ட்டன் செயிண்ட் பிலிப் என்னும் ஊரிலுள்ள, அதுவும் ஜார்ஜ் என்றே பெயர்பெற்ற, விடுதி அத்தகையது. அதன் கீழ்த்தளம் கல்லால் ஆயது, மேல்தளங்கள் மரச்சட்டத்தால் ஆயவை. முற்றத்தைச் சூழ்ந்து அமைபவை மற்றொரு வகை. குளஸ்டர் நகரில் 1450ஐ ஒட்டி, அங்கிருந்த மடத்தினரால் யாத்திரிகர் பொருட்டு எழுப்பப்பெற்ற நியூ இன் இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பெயர் 'புதிய விடுதி' என்பது. வயதோ ஏறத்தாழ 575 ஆண்டுகள். நமது ஸதர்க் ஜார்ஜ் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது.

முற்றவகை விடுதியின் அமைப்பை ஒரு வழிப்போக்கனின் கண்ணால் நோக்கினால் எளிதில் விளங்கும். வீதியில் அவனுக்குத் தென்படுவது ஒரு வாயில் மட்டுமே. பெருவீதியில் முகப்பு நிலம் விலையுயர்ந்தது. ஆதலால் வீதிப்பக்கம் குறுகியும், உட்புறம் நீண்டும் மனைகள் அமைந்தன. வண்டி நுழையும் அளவுக்கே அகன்ற அவ்வாயிலைக் கடந்தால் முற்றம் விரிகிறது. முற்றத்தைச் சூழக் கீழ்த்தளத்தில் சமையற்கட்டு, பொதுக்கூடம், மது வழங்கும் அறை, விடுதிக்காரரின் இருப்பிடம் ஆகியவை. முதல் முற்றத்துக்கும் பின்னால் இரண்டாம் முற்றம். அங்கே குதிரை லாயங்கள், மேலே வைக்கோற் பரண்கள், வண்டிக் கொட்டகைகள். சாணமும் ஈயும் விருந்தினருக்கு எட்டாதவாறு பின்னே வைக்கப்பெற்றன எனினும், மணம் எட்டாமல் இருந்திருக்காது.

மேல்தளங்களில் படுக்கை அறைகள். அவை வீட்டுக்குள்ளே அமைந்த நடைவழியில் திறப்பவை அல்ல. முற்றத்தை நோக்கி ஓடும் திறந்த மரத் தாழ்வாரத்திலே ஒவ்வோர் அறையின் கதவும் திறந்தது. முற்றத்திலிருந்து ஏணிப்படி ஏறினால் தாழ்வாரம்; தாழ்வாரத்தில் நடந்தால் தன் அறை. பிறர் அறை வழியே செல்லவேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை. கட்டடத்துள் நடைவழிக்கென்று இடம் வீணாவதும் இல்லை. அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் அத்தாழ்வாரத்தின் வழியே வந்தன. மழையில் நனையாமலும் பனியில் வழுக்காமலும் செல்லக் கூரை உண்டு. ஆயின் நள்ளிரவில் குளிர்காற்றைத் தடுக்க யாதும் இல்லை. சிக்கனமும் வசதியும் சிறிது அவதியும் கலந்த அமைப்பு அது.

இவ்வமைப்பில் இன்னொரு நன்மையும் உண்டு. அதை விளக்கச் சட்டத்தின் பக்கம் சற்றே திரும்பவேண்டும். இங்கிலாந்தின் பொதுச்சட்டம் மூவகைக் கடைகளைப் பிரித்து வைத்திருந்தது. திராட்சை மது விற்பது ஒன்று. பார்லியில் வடித்த ஏல் விற்பது ஒன்று. வழிப்போக்கருக்கு உறைவிடம் தருவது மூன்றாவது. இம்மூன்றாவதே 'இன்'. தகுதியான நிலையில் வந்து, உரிய கூலி தர முன்வரும் வழிப்போக்கனை, இடம் இருக்கும்போது ஏற்க மறுக்க விடுதிக்காரருக்கு உரிமை இல்லை. அவ்வாறு ஏற்றுக்கொண்டபின், அவன் பொருள் விடுதிக்குள் களவு போனால் அதற்கு ஈடு செய்யும் பொறுப்பும் அவருடையதே. 1584ஆம் ஆண்டின் கேலி வழக்கு என்னும் புகழ்பெற்ற வழக்கில் இப்பொறுப்பின் எல்லைகள் தெளிவாக வரையறுக்கப்பட்டன. இத்தகைய பொறுப்பைத் தாங்கும் ஒருவருக்கு எத்தகைய கட்டடம் வேண்டும்? உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் ஒரே வாயில் வேண்டும். இரவில் அதை அடைத்துவிடக் கதவு வேண்டும். யார் எந்த அறையிலிருந்து வெளியே வருகிறார் என்பது முற்றத்தில் நின்றபடியே தெரியவேண்டும். முற்றமும் தாழ்வாரமும் இத்தேவைகளை ஒருங்கே நிறைவேற்றின. அறத்தின் பொருட்டு எழுந்த சத்திரத்துக்கும் வாணிகத்தின் பொருட்டு எழுந்த விடுதிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் புலனாகிறது. முன்னதில் தருபவன் புண்ணியத்தை நாடினான்; பின்னதில் தருபவன் சட்டத்துக்கு விடை சொல்லவேண்டியவன். எனினும் வந்தவனைத் திருப்பி அனுப்பலாகாது என்ற அளவில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

கட்டட வேலையின் நுட்பமும் அறியத்தக்கது. பழைய ஆங்கிலத் தச்சர்கள் பெரும்பாலும் ஓக் மரத்தையே பயன்படுத்தினர். நன்கு உலர்ந்த ஓக் உளிக்கு எளிதில் இணங்காது. ஆகவே பச்சை மரத்தையே அறுத்து இழைத்தனர். தூண், உத்தரம், சாய்கட்டை ஆகியவற்றைத் தச்சுப் பட்டறையிலேயே அளந்து வெட்டி, ஒன்றின் கழுந்து மற்றொன்றின் துளையில் பொருந்துமாறு தரையில் அடுக்கிச் சரிபார்த்தனர். எந்தக் கட்டை எதனோடு சேரும் என்பதற்கு உளியால் அடையாளக் கீறல் இட்டனர். பின்னர் அவற்றைப் பிரித்து, மனைக்கு எடுத்துச் சென்று, நிமிர்த்தி, மரமுளை அடித்து இணைத்தனர். இரும்பு ஆணிக்கு அங்கே பெரும் வேலை இல்லை. பச்சை மரம் உலர உலரச் சுருங்கும், முளைகள் இறுகும், சட்டம் சிறிதே கோணும். பழைய விடுதிகளில் தளம் ஒருபுறம் சாய்ந்தும் கதவுநிலை கோணியும் காணப்படுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. சட்டங்களுக்கு இடையிலுள்ள வெளியைச் சிம்புகளைப் பின்னிக் களிமண் பூசி அடைப்பது பழைய வழக்கம். பிற்காலத்தில் செங்கல்லும் சுண்ணச் சாந்தும் அவ்விடத்தைப் பெற்றன.

மரத்துக்குப் பகை நெருப்பு. 1666இல் லண்டன் பெருந்தீயில் ஆற்றின் வடகரை அழிந்தது; தென்கரை தப்பியது. ஆயின் பத்தே ஆண்டுகளில் தென்கரைக்கும் முறை வந்தது. 1676 மே மாதம் 26ஆம் நாள் ஸதர்க்கில் எழுந்த தீ நூற்றுக்கணக்கான வீடுகளை விழுங்கியது. டபார்ட், வெண்மான், ஜார்ஜ் மூன்றும் அதற்கு இரையாயின. மூன்றும் மீண்டும் எழுப்பப்பெற்றன. ஜார்ஜ் மறு ஆண்டே, அதாவது 1677இல், தன் பழைய மனையிலேயே தலைநிமிர்ந்தது. வடகரையில் பெருந்தீக்குப் பின் செங்கல்லும் கல்லுமே சட்டப்படி கட்டாயமாகியிருந்த அக்காலத்திலும், தென்கரை விடுதிக்காரர்கள் தம் மரத் தாழ்வாரங்களைக் கைவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பழைய அமைப்பு அவர்கள் தொழிலுக்கு அவ்வளவு பொருந்தியிருந்தது. டபார்ட் மட்டும் மறுபிறப்பில் டால்பட் எனப் பெயர் மாறிற்று. டால்பட் என்பது ஒருவகை வேட்டை நாய். மேலங்கி நாயாயிற்று, வீதியில் போவோர் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை போலும்.

இந்த ஆண்டுக் கணக்கை நினைவில் நிறுத்துவது நல்லது. ஏனெனில், ஷேக்ஸ்பியர் ஜார்ஜ் விடுதியின் முற்றத்தில் நடித்தார் என்றும், இத்தாழ்வாரங்களிலிருந்து மக்கள் அவரைக் கண்டுகளித்தனர் என்றும் கதை சொல்வார் உண்டு. ஷேக்ஸ்பியர் மறைந்தது 1616இல். இன்று நாம் காணும் தாழ்வாரம் எழுந்தது அதற்கு 61 ஆண்டுகளுக்குப் பின். எனவே இந்தப் பலகைகள் அவரைக் கண்டிருக்க வழியில்லை. ஆயினும் அக்கதையின் அடியில் ஓர் உண்மை உண்டு. எலிஸபெத் அரசியின் காலத்தில் லண்டன் விடுதிகள் சிலவற்றில் நாடகங்கள் நடந்தன. பிஷப்ஸ்கேட் பகுதியிலிருந்த புல் விடுதி அவற்றுள் ஒன்று. முற்றத்தில் மேடையிட்டு, நின்று பார்ப்போர் கீழேயும், கூடுதல் காசு கொடுத்தோர் தாழ்வாரத்திலுமாக அமையும் ஏற்பாடு இயல்பாகவே பொருந்திவிடுகிறது. 1576இல் ஜேம்ஸ் பர்பேஜ் கட்டிய நாடகசாலையும், 1599இல் இதே ஸதர்க்கில் எழுந்த குளோப் அரங்கும் நடுவே திறந்தவெளியும் சுற்றிலும் அடுக்குத் தாழ்வாரங்களும் கொண்டிருந்தன. விடுதி முற்றமே அரங்கின் தாய் என்று முன்னாளைய ஆசிரியர்கள் உறுதியாக எழுதினர். இந்நாளைய ஆராய்ச்சியாளர் கரடி, காளை ஆகியவற்றை நாய்களோடு பொருதவிட்ட வட்டக் களங்களையும் பெரிய மாளிகைக் கூடங்களையும் உடன் சேர்த்து எண்ணுகின்றனர். தாய் ஒருத்தி அல்லள், உறவினர் பலர் என்று கொள்வதே பொருந்தும். இருபதாம் நூற்றாண்டில் ஜார்ஜின் முற்றத்தில் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடிக்கப்பெற்றன. கதையைப் பின்னோக்கி மெய்யாக்கிய செயல் என்று அதைச் சொல்லலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டு விடுதிகளின் பொற்காலத்தைக் கொணர்ந்தது. சுங்கம் வாங்கிப் பெருவழிகளைச் செப்பனிடும் குழுக்கள் நாடெங்கும் தோன்றின. சாலை திருந்தத் திருந்தக் கோச்சு வண்டிகளின் வேகமும் பெருகிற்று. 1784 ஆகஸ்டு 2ஆம் நாள் ஜான் பாமர் என்பவரின் முயற்சியால் பிரிஸ்டலிலிருந்து புறப்பட்ட முதல் தபால் கோச்சு 16 மணி நேரத்தில் லண்டனை அடைந்தது. இவ்வேகத்தின் இரகசியம் குதிரையில் இல்லை, விடுதியில் இருந்தது. எந்தக் குதிரையும் நான்கு கால் பாய்ச்சலில் நெடுந்தூரம் ஓடாது. சில மைல்களுக்கு ஒருமுறை, வழியிலுள்ள விடுதி முற்றத்தில், களைத்த குதிரைகளை அவிழ்த்துப் புதிய குதிரைகளைப் பூட்டவேண்டும். லாயக்காரர்கள் சேணத்தோடு ஆயத்தமாக நிற்பர். கோச்சுவான் கடிவாளத்தை வாங்கிக்கொள்வான். வண்டி மீண்டும் புறப்படும். ஆக, நாட்டின் போக்குவரத்து இயந்திரத்தின் பற்சக்கரங்களாக இவ்விடுதிகள் விளங்கின எனலாம்.

ஜார்ஜிலிருந்தும் தெற்கு நோக்கிக் கோச்சுகளும் பாரவண்டிகளும் புறப்பட்டன. கெண்ட் மாவட்டத்தின் ஹாப் மலர்கள், பீருக்குக் கசப்பும் மணமும் தருபவை, மூட்டை மூட்டையாக ஸதர்க் சந்தைக்கு வந்தன. அவ்வாணிகத்துக்கு ஸதர்க்கே தலைமையிடம். வண்டி புறப்படும் வரையில் பயணிகள் காத்திருந்த கீழ்த்தள அறை இன்றும் ஜார்ஜில் இருக்கிறது. அங்கே சுவரில் பெரிய வட்டமுகக் கடிகாரம் ஒன்றும் உண்டு. இத்தகையவற்றை 'பார்லிமெண்ட் கடிகாரம்' என்று அழைப்பர். 1797இல் பிரதமர் பிட் கடிகாரங்களுக்கு வரி விதித்தார். மக்கள் தம் கடிகாரங்களை ஒளித்துவிட, விடுதிக்காரர்கள் பொதுமக்கள் பார்வைக்காகப் பெருங்கடிகாரங்களை மாட்டினர் என்பது வழங்கிவரும் விளக்கம். வரி மறு ஆண்டே நீக்கப்பட்டது. இவ்வகைக் கடிகாரங்களோ அவ்வரிக்கு முன்பே வழக்கில் இருந்தவை. உண்மையான காரணம் இன்னும் எளியது: வண்டி குறித்த நேரத்தில் புறப்படவேண்டும், பயணி அந்நேரத்தை அறியவேண்டும். ஆங்கிலேயரைக் கடிகாரத்துக்குப் பழக்கியதில் இரயிலுக்கு முன்பே கோச்சுக்குப் பங்கு உண்டு.

இப்பொற்காலத்தை இலக்கியத்தில் நிலைநிறுத்தியவர் சார்லஸ் டிக்கன்ஸ். ஸதர்க் அவருக்குத் துயரம் மிகுந்த இடம். 1824இல் அவருடைய தந்தை கடன் தீர்க்க இயலாது, ஜார்ஜுக்கு மிக அருகிலிருந்த மார்ஷல்ஸி சிறையில் அடைபட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவனான டிக்கன்ஸ் அவ்வீதி வழியே தனியே நடந்து திரிந்தான். பிற்காலத்தில் எழுதிய 'லிட்டில் டாரிட்' நாவலில் ஜார்ஜின் பெயரையும் அவர் குறிப்பிட்டார். அதற்கு முன்னரே, 1836இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நூலில், சாம் வெல்லர் என்னும் மறக்கவொண்ணாத பாத்திரத்தை வெண்மான் விடுதி முற்றத்தில் சோடுகளுக்கு மெருகிடுபவனாக அறிமுகப்படுத்தினார். நாடே சிரித்தது, விடுதியும் புகழ் பெற்றது.

அதே 1836ஆம் ஆண்டு டிசம்பரில், அவ்விடுதிகளுக்குக் கூப்பிடு தூரத்தில், லண்டன் பாலம் இரயில் நிலையம் திறக்கப்பட்டது. லண்டன் நகரின் முதல் நிலையான இரயில் முனையம் அதுவே. நாட்டு மக்கள் சாம் வெல்லரின் பேச்சைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதே, அவன் நின்ற முற்றத்தின் விதி எழுதப்பட்டுவிட்டது. சில ஆண்டுகளுக்குள் நெடுவழிக் கோச்சுகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. குதிரை மாற்றும் வேலை ஒழிந்தது. முற்றங்கள் சரக்கு வண்டிகளுக்கும் கிடங்குகளுக்கும் வாடகைக்கு விடப்பட்டன. பழுது பார்க்க வருவாய் இல்லை; பழுது பாராத மரம் உளுத்தது. 1870களில் டபார்டின் வழிவந்த டால்பட் இடிக்கப்பட்டது. 1889இல் வெண்மான் இடிக்கப்பட்டது. அதே 1889இல், ஜார்ஜைக் கைக்கொண்டு சரக்கு நிலையமாகப் பயன்படுத்திவந்த கிரேட் நார்தர்ன் இரயில்வே கம்பெனி, கிடங்கு கட்டும் பொருட்டு அதன் மூன்று பக்கங்களில் இரண்டை இடித்தது. வண்டிகளின் காலத்தை முடித்த இரயிலே, வண்டிகளின் வீட்டையும் விழுங்கிற்று.

தென்பக்கம் எவ்வாறு தப்பியது? அதன் அழகை எண்ணிக் கம்பெனி அதை விட்டுவைத்தது என்று சொல்ல இடமில்லை. கிடங்குக்கு வேண்டிய நிலம் கிடைத்தது. எஞ்சிய பகுதியில் விடுதி நடந்துகொண்டிருந்தது. அவ்வளவே. பின்னர் மெல்ல மெல்ல மக்கள் அதை நாடி வந்து காணத் தொடங்கினர். 1923இல் இரயில்வேக் கம்பெனிகள் ஒன்றிணைந்தபோது ஜார்ஜ், லண்டன் அண்டு நார்த் ஈஸ்டர்ன் இரயில்வே என்னும் கம்பெனியின் உடைமையாயிற்று. அக்கம்பெனி 1937இல் அதை நேஷனல் டிரஸ்டு என்னும் நிறுவனத்துக்கு நன்கொடையாக அளித்தது. பழஞ்சின்னங்களையும் இயற்கை வனப்பையும் மக்கள் பொருட்டுக் காக்க 1895இல் தோன்றிய நிறுவனம் அது. இரண்டாம் உலகப் போரில் ஸதர்க் குண்டுவீச்சால் பெரிதும் சிதைந்தது, ஜார்ஜ் பிழைத்தது. இன்று அது சட்டத்தின் முதல்நிலைப் பாதுகாப்பைப் பெற்ற கட்டடங்களின் வரிசையில் இருக்கிறது.

இங்கே நேயர்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய ஒன்று உண்டு. மூன்று விடுதிகளுள் டபார்ட் ஆங்கிலக் கவிதையின் வாயிலிலேயே நிற்பது. வெண்மானோ நாடறிந்த நகைச்சுவையின் பிறப்பிடம். ஜார்ஜுக்கு அத்தகைய பெருமை இல்லை. ஒரு நாவலில் ஓரிடத்துப் பெயராக வந்து போனதோடு சரி. ஆயினும் புகழ்மிக்க இரண்டும் போயின. புகழ் குறைந்தது நின்றது. சாஸரைப் படித்தவர் இங்கிலாந்தில் ஆயிரமாயிரவர் இருந்தும் டால்பட்டின் மீது விழுந்த கடப்பாரையைத் தடுக்க அது போதவில்லை. புகழ் கட்டடத்தைக் காப்பதில்லை. யாரேனும் ஒருவர் கூரை ஓட்டை மாற்றிக்கொண்டும், வாயிலைத் திறந்துவைத்துக்கொண்டும் இருப்பதுதான் காக்கிறது. ஜார்ஜில் விளக்கு அணையாதிருந்தது. அதனாலேயே 1937 வரை அது நின்றது. அழிந்த இரண்டில் எஞ்சியவை டால்பட் யார்டு, வெண்மான் யார்டு என்னும் சந்துப் பெயர்கள் மட்டுமே.

இன்று ஜார்ஜின் முற்றத்துள் நுழைபவர் வலப்புறத்தில் நீண்டு நிற்கும் தென்பக்கக் கட்டடத்தைக் காண்பார். கீழ்த்தளத்தில் ஒன்றோடொன்று இணைந்த சிறு அறைகள்; அவற்றுள் பழைய கணப்படுப்புகள். மேலே, ஒரு பகுதியில், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மரத் தாழ்வாரங்கள்; அவற்றின் கைப்பிடிச் சுவர்களில் வரிசையாகக் கடைந்த சிறு தூண்கள். எதிர்ப்பக்கத்தில் தாழ்வாரம் இருந்த இடத்தில் பிற்காலக் கட்டடங்கள். இரண்டு பக்கங்களை மனத்தால் நிரப்பிக்கொண்டால்தான் பழைய முற்றம் முழுமையாகும். பயணிகள் காத்திருந்த அறையிலும், முன்னாள் படுக்கை அறைகளிலும், மக்கள் இன்று உணவும் பீரும் அருந்துகின்றனர். குதிரைகள் இல்லை, கோச்சு இல்லை, இரவு தங்குவதற்கு அறையும் இல்லை.

ஆகவே தொடக்கத்தில் நான் கையாண்ட 'விடுதி' என்ற சொல்லும் இன்றைய ஜார்ஜுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. இராத் தங்கலுக்கு இடம் தருவதே 'இன்' எனின், ஜார்ஜ் இப்போது பெயரளவில்தான் அது. எனினும் பெயரை மாற்ற அங்கே எவரும் எண்ணியதில்லை. நூற்றாண்டுக் கணக்கில் வழிப்போக்கரின் கால் பட்டுத் தேய்ந்த படிக்கட்டு அதே இடத்தில் இருக்கிறது. அதில் ஏறிச் சென்றால் தாழ்வாரத்தை அடையலாம். சொல்லின் பொருள் என்ன என்று அகராதியில் தேடிக் களைத்தவன் அப்படியில் ஒருமுறை ஏறி நின்றால், தேடியதில் பாதியேனும் அவனுக்குக் கிட்டும்.